காட்டுக்குள் இறங்காத செருப்பு

சர்க்கரைப் புண்காரர்களின் பாத அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, செருப்புக்குள் வைக்கும் மெத்தையை வரைவதுதான் காளவாசல் பகுதியில் இருந்த செருப்புக் கூடத்தில் பிருந்தாவுக்கு வேலை. இரண்டாயிரத்து நாலில் அது ஊருக்கே புதிது. பேரையூர் சோலையம்மாளுக்கு மூன்று முறை மாற்றி வரைந்தும் புண் ஆறவில்லை. அவள் செருப்புக்குள் இருந்த மெத்தையைப் பிருந்தா எடுத்துப் பார்த்தாள். அழுக்கே ஒட்டாமல் புதுசாக இருந்தது.

“போடுறதே இல்லையா?” பிருந்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“இங்க வரும்போது போட்டுக்கிட்டுத்தானே வாரேன். வெள்ளாமைக் காட்டுக்குள்ள செருப்போட எறங்கலாமா தாயி? சாமி குத்தமாயிரும்ல.”

“புண்ணுக்குத் துணிக்கட்டுப் போட்டிருந்தா?”

“அது வைத்தியமாச்சே. எறங்குவேன்.”

பிருந்தா திரையில் மெத்தையைச் சுற்றியிருந்த செருப்பை அழித்தாள். மெத்தையின் ஓரங்களில் துணிப்பட்டை கோக்கத் துளைகள் வரைந்தாள்.

“இனி இது செருப்பு இல்லம்மா, கட்டு. கட்டிக்கிட்டே காட்டுக்குள்ள எறங்குங்க.”