மீட்டர் அக்காவின் மூன்றாவது கேள்வி

எங்கள் நாய், பூனைக் காப்பகத்தில் அவரை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே காப்பகத்துக்கு வந்துவிட்டார். வேலைக் காலத்தில் நான்கு முறை நாய் கடித்திருக்கிறது. அவற்றில் மூன்று, வீட்டுக்காரர் வாசலில் நின்று "கடிக்காது, தைரியமா வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பட்டவை. இத்தனைக்குப் பிறகும் நாய் மேல் எப்படிப் பிரியம் வந்தது என்று கேட்டால், "கடிச்ச நாலும் கட்டிப் போட்டிருந்த நாய். அவிழ்த்துவிட்ட நாய் ஒண்ணுகூட என்னைக் கடிக்கலை" என்பார்.

நாயோ பூனையோ வேண்டும் என்று விண்ணப்பம் கொடுப்பவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவர் பொறுப்பு. ஒன்பது ஆண்டுகளில் 318 வீடுகள் பார்த்திருக்கிறார். 244 வீடுகளுக்குச் சரி என்று எழுதினார், 74 வீடுகளுக்குக் கூடாது என்று எழுதினார். காப்பகத்தின் பதிவேடு என்னிடம் இருப்பதால் இந்த எண்களில் பிழை இல்லை.

அவர் வருவதற்கு முன்பு படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. "பதினொண்ணு கேட்டா பதினொரு பொய் வரும்" என்று சொல்லி மூன்றாகக் குறைத்தார். முதலாவது, மதிலிலும் கம்பிக் கதவிலும் இடைவெளி இருக்கிறதா? இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தால் போதும். மீட்டர் பெட்டி எப்போதும் பக்கவாட்டிலோ பின்னாலோதான் இருக்கும் என்பதால், வீடுகளின் பின்பக்கம் அவருக்குப் பழகிய இடம். "முன்வாசலைப் பார்த்துப் பொண்ணு கொடுத்துடலாம், நாய் கொடுக்க முடியாது" என்பார். இரண்டாவது, எங்கே தூங்க வைப்பீர்கள்? வாயால் சொல்லக் கூடாது, அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். மூன்றாவது, வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் சம்மதமா? இதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி வந்த கதை இது. முதல் வருடம் ஒரு மஞ்சள் நாயைப் பெரிய வீடு ஒன்றுக்குக் கொடுத்தோம். பதினோராம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வீட்டு மருமகளுக்கு நாய் ஆகாதாம். அவரை யாரும் கேட்கவே இல்லை. திரும்பி வந்த நாய் ஒன்பது நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் மீட்டர் அக்கா இந்தக் கேள்வியைச் சேர்த்தார். கூடவே மூன்று விதிகளையும் போட்டார். வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பதை எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. கூடாது என்று எழுதப்பட்ட வீட்டைத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் மறுபடி பார்க்கலாம். அந்தத் தொண்ணூறு நாளும் காப்பகத்து ஆட்கள் யாரும் அந்த வீட்டில் நாய்ப் பேச்சை எடுக்கக் கூடாது.

புதிதாக வரும் தொண்டர்களுக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "யாராவது 'அவங்க இஷ்டம்'னு சொன்னா, வேண்டாம்னு எழுதிக்கோங்க. தனக்கு இஷ்டம் இருந்தா எதுக்கு அடுத்தவங்க இஷ்டத்தைப் பேசப் போறாங்க?"

அந்த 74 வீடுகளில் ஒன்று சலூன்காரருடையது. ஒரு குட்டி நாய் கேட்டு வந்திருந்தார். மதில் நன்றாக இருந்தது, தூங்க இடமும் இருந்தது. சமையலறையில் இருந்த அவருடைய மாமியாரிடம் அக்கா தனியாகக் கேட்டபோது, "மாப்பிள்ளை ஆசைப்படறாரு, நான் என்னத்தைச் சொல்ல?" என்றாராம் (பின்னாளில் மாமியாரே என்னிடம் சொன்னது). "நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும்மா." "அப்ப வேண்டாம்னு எழுது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, தாயே."

காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டார்கள் என்று சலூன்காரர் கோபத்தோடு காப்பகத்துக்கு வந்தார். "முடிவெட்டற கைக்கு நாய் வளர்க்கத் தெரியாதா? என் வீட்டுல என்னங்க குறை?" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். அப்போது நாங்கள் சடை பிடித்த ஒரு நாயின் முடியை வெட்ட முடியாமல் மூன்று பேர் சேர்ந்து திணறிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "கத்திரியை அப்படியா பிடிப்பாங்க? கொடுங்க இங்க" என்று வாங்கினார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. சலூனுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று முதல் இரண்டு ஆண்டுகளாக எல்லாச் செவ்வாய்க்கிழமையும் வருகிறார். தன்னை ஏன் திருப்பினார்கள் என்ற கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. அக்காவும் பதில் சொல்லவில்லை.

இனிப் பெரியவர். பெரியவர் என்பது ஒரு நாய். பழுப்பு நிறம், இடது கண்ணில் வெண்படலம், வலது பின்னங்கால் மடங்காது. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள், தட்டும் போர்வையுமாக எங்கள் வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பல்லைப் பார்த்து வயது பன்னிரண்டு என்று டாக்டர் எழுதினார். யார் வந்தாலும் நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் தோரணையைப் பார்த்து இந்தப் பெயர் வந்தது. "பெரியவர் சாப்பிட்டாரா?", "பெரியவர் கோவமா இருக்கார்" என்றுதான் பேச்சு. பதினான்கு மாதத்தில் அவரைக் கேட்டு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கிழட்டு நாயை யாரும் கேட்பதில்லை.

ஒன்பது ஆண்டுகளில் தனக்கென்று ஒன்றும் கேட்காத மீட்டர் அக்கா அவரைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். காப்பகத்தை நடத்தும் டீச்சர் ஏன் என்று கேட்டார்.

"என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிக்கறார் டீச்சர். கால் வலிக்குது, படுங்கன்னா கேக்க மாட்டேங்கறார். நான் வர்றதும் போறதுமா இருந்தா அவருக்கு எழுந்திருக்கறதே வேலையாப் போகுது. நான் இருக்கற இடத்துலயே இருந்தா நிம்மதியாப் படுப்பார்."

"அதுக்கு விண்ணப்பம் எதுக்கு? கூட்டிக்கிட்டுப் போ. உன் வீட்டை யார் வந்து பார்க்கணும்?"

"நாய் வேஷம் போட்டாச்சு டீச்சர், குரைச்சுத்தான் ஆகணும்."

அக்காவின் வீட்டைச் சோதனை போட மற்ற தொண்டர்கள் தயங்கினார்கள். சலூன்காரர் கையைத் தூக்கினார். "நான் போறேன். எனக்குப் பழைய பாக்கி ஒண்ணு இருக்கு" என்று சிரித்தார்.

விண்ணப்பம் கொடுத்த பதினாறாம் நாள் போனார். அங்கே நடந்ததை நான் பிறகு சலூன்காரரிடமும் அக்காவின் கணவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

அந்த வீட்டில் இரண்டே பேர், அக்காவும் அவர் கணவரும். கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் திறந்து கிடக்கும் கைக்கடிகாரங்கள். சலூன்காரர் மதிலைச் சுற்றி நடந்தார். தூங்கும் இடத்தைப் பார்த்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட கம்பளி. சமையலறையில் அக்காவைத் தனியாகக் கேட்டு எழுதினார். பிறகு முன்னறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"சார், நாய் வர்றதுல உங்களுக்குச் சம்மதமா?"

"அவ இஷ்டம்" என்றார் கணவர், கண்ணில் பொருத்தியிருந்த லென்ஸை எடுக்காமல்.

"அது பதில் இல்லைங்களே சார். உங்க வீட்டம்மா சொல்லிக் கொடுத்த பாடம் அது. உங்களுக்கு என்ன இஷ்டம்?"

கணவர் லென்ஸைக் கழற்றினார். அக்காவின் சேலையில் ஒட்டிவந்து மேசையில் கிடந்த ஒரு நாய் முடியை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். "பார்த்தீங்களா? இவ்வளவுதான். இது சக்கரத்துல மாட்டினா கடிகாரம் நின்னுடும். திரும்பி வரும். ரெண்டு தடவை திரும்பி வந்தா மூணாவது தடவை ஆளே வர மாட்டான். இந்த மேசைக்கு வேற அறையும் கிடையாது. வெளிச்சம் இங்கதான் இருக்கு." துணியிலிருந்து முடியைத் தட்டிவிட்டு, "வேண்டாம்னே எழுதிக்கோங்க. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்ல வேண்டாம். ஆசைப்படறா" என்றார்.

சலூன்காரர் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தன் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமையலறையில் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். "அடப்பாவமே, என் மாமியார்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுந்திருக்கும்போது, "முடிதானே சார் பிரச்சினை? முடி என் துறை. யோசிக்கறேன்" என்றார். ஆனால் படிவத்தில் அன்று கேட்ட பதிலைத்தான் எழுத வேண்டும். கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை சலூனைத் திறக்கும் முன் காப்பகத்துக்கு வந்து படிவத்தை அக்காவிடம் கொடுத்தார். அக்கா இரண்டு முறை படித்தார்.

"யாரு தம்பி வேண்டாம்னது?"

"அது சொல்றதில்லைக்கா. நீங்க போட்ட விதி."

"எங்க வீட்டுல ரெண்டே பேர். நான் வேணும்னு சொல்லியிருக்கேன்."

"இருக்கலாம். நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுல யாருன்னு நீங்க இன்னைக்கு வரைக்கும் சொன்னீங்களா?"

அக்கா படிவத்தை மடித்தார். பிறகு பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்து, "கேட்டேன் டீச்சர். நான் கேக்காம இல்லை. 'உன் இஷ்டம்'னார். நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். அங்கே இருந்த யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தை எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

தொண்ணூறு நாள் என்பது பெரியவருக்கு நீண்ட காலம். அது எல்லோருக்கும் தெரியும். அக்கா தினமும் வந்தார். வந்ததும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் நடந்து பெரியவரின் பக்கத்தில் உட்காருவார். வீட்டில் விதிப்படி நாய்ப் பேச்சே எடுக்கவில்லை. சோதனை நடந்து நாற்பத்தெட்டாம் நாள், மழையில் பெரியவருக்குக் குளிர் கண்டு இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. டீச்சர் கோபப்பட்டார்.

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதே. கூட்டிக்கிட்டுப் போ. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"எழுபத்திநாலு வீட்டுக்கு இல்லைன்னு எழுதியிருக்கேன் டீச்சர். அதுல அழுதவங்க உண்டு. அவங்களுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதியா? அதோட, மனசில்லாத வீட்டுக்குப் போய் இவர் திரும்பி வந்தா? மஞ்சள் நாய் படுத்திருந்ததை நீங்களும்தானே பார்த்தீங்க."

மூன்றாம் நாள் பெரியவர் கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

இதற்கிடையில் அக்காவுக்குத் தெரியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. விதி வீட்டில் போய்ப் பேசுவதைத்தான் தடுக்கிறது, சலூனில் பேசுவதைத் தடுக்கவில்லை என்பது சலூன்காரரின் வாதம். அது சரியான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முகச்சவரத்துக்கு அங்கே தானாகவே வரத் தொடங்கியவர் அக்காவின் கணவர் கடிகாரக்காரர்தான். சலூன்காரர் பெரியவரின் முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கடிகாரக்காரர் லென்ஸில் பார்த்தார். ஒட்ட வெட்டினால் உதிரும் முடி நேராகக் கீழே விழுகிறது, காற்றில் மிதப்பதில்லை என்று கண்டுபிடித்தார். மிதக்கும் கொஞ்சத்துக்கும் வழி செய்தார்.

அறுபத்துமூன்றாம் நாள் அக்கா காப்பகத்திலிருந்து வீட்டுக்குப் போனபோது மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் கை நுழைய இரண்டு ஓட்டைகள், ஓட்டைகளில் துணி உறை. கணவர் உள்ளே கையை விட்டு ஒரு கடிகாரத்தின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த சலூன்காரரை வந்து மறுபடி கேக்கச் சொல்லு" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "முடிதானா? அதை வாயைத் திறந்து என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்ட மாதிரி இல்லையே. சொன்ன மாதிரி இருந்துச்சு."

"இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு."

"எதுக்கு?"

"விதி."

"யார் போட்ட விதி?"

"நான் போட்டது."

"நல்லாப் போட்ட போ!"

மறுநாள் இதைக் கேள்விப்பட்ட நான், விதி எழுதியிருந்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு நாளை விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று அக்காவின் கையெழுத்திலேயே இருக்கிறது. எல்லோரும் பழக்கத்தில் சோதனை நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். பதினாறு நாள் குறைந்தது. அக்கா சந்தேகப்பட்டு, நாள்காட்டியில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

கெடு முடிந்த மறுநாள் சலூன்காரர் போனார். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"சார், உங்களுக்குச் சம்மதமா?"

"வரட்டும்."

"வரட்டும்னா?"

"கூட்டிக்கிட்டு வான்னு அர்த்தம்யா! இன்னும் எப்படிச் சொல்றது?"

அடுத்து சமையலறைக்குப் போனார். "அக்கா, உங்களுக்குச் சம்மதமா?"

"இத்தனை நாள் நாயாய் அலைஞ்சவளைப் பார்த்து என்ன கேள்வி தம்பி இது?"

"பதில் சொல்லுங்க, எழுதணும்."

"சம்மதம்."

அன்று மதியமே பெரியவர் போனார். அந்த வீட்டில் 423 நாள் இருந்தார். செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நிற்பதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார். செவ்வாய்தோறும் சலூன்காரர் போய் முடி வெட்டினார். ஒரு நாள் அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, தன் மாமியாரிடம் எதையும் கேட்கவில்லை என்றார். "கேட்டு என்ன ஆகப் போகுது? வீட்டுல நிம்மதியா இருக்கட்டும். எனக்கு இங்கயே ஒருத்தர் இருக்காரே."

பெரியவர் கடைசியாகக் கண்ணை மூடியது கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பளியின் மேல். தேதியைப் பதிவேட்டில் எழுதி அந்த வரியை முடித்தேன். திரும்பி வந்த நாய்களின் பட்டியலில் அவர் இல்லை.

அந்த 423 நாளில் பழுது பார்த்துக் கொடுத்த கடிகாரம் ஒன்றே ஒன்று நின்றுபோய்த் திரும்பி வந்தது. கடிகாரக்காரர் அதைத் திறந்து, சக்கரத்தில் சிக்கியிருந்த முடியை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். பெரியவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவரோடதா?" என்று பயந்துகொண்டே கேட்டார் அக்கா.

"இல்லை. அவரு பழுப்பு. இது வெள்ளை, நீளமா இருக்கு." கடிகாரக்காரர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "என்னோடதும் இல்லை."

"அப்ப என்னையும் வேண்டாம்னு எழுதிடச் சொல்லுங்க."

"எங்க? முப்பத்தாறு வருஷமா என்னை யாரும் தனியா வந்து கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார்.