வாஷி பாலத்தில் திறந்த பைக்கடை

இணையதளம் கட்டுகிறவர்கள் அதை முதலில் கைப்பேசியில் திறந்து பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான். நான் கட்டிய தளங்களை என் கைப்பேசியில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. மும்பையில், மாதுங்கா வீட்டில் மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருக்கிறது. இணைப்போ மின்னல் வேகம். அதில் எல்லாமே அழகாகத்தான் தெரியும், வீடியோ காலில் நான் உட்பட.

அப்படிக் கட்டியதுதான் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார பாயின் தளம். முகப்பில், தோலுக்குள் ஊசி நிதானமாக இறங்கி ஏறும் வீடியோ. ஒவ்வொரு பைக்கும் கேமராவிலிருந்து வந்தபடியே ராட்சசப் புகைப்படம். எழுத்துருக்கள் வேறு மூன்று.

ஒரு நாள் காலையில் பாய் போன் செய்தார். ஐரோலியில் ஒரு அலுவலகம் ஊழியர்கள் எல்லோருக்கும் பை வாங்கப் போகிறதாம். அதை முடிவு செய்யும் மேலாளர் முந்தின நாள் ரயிலில் தளத்தைத் திறந்திருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் பெண் பார்ப்பதும் வீடு பார்ப்பதும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டுதான் என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது.

"வெள்ளையா ஒரு வட்டந்தான் சுத்துதாம் சார். நான் என்ன வட்டமா விக்கேன்?"

அன்று மாலை வாஷி பாலம் வழியாக ரயிலில் வீடு திரும்பும்போது மேலாளர் இன்னொரு முறை பார்ப்பாராம். திறக்காவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவாராம். மழைக்காலத்தை ஓட்ட பாய் அந்த ஆர்டரைத்தான் நம்பியிருந்தார்.

இணைப்பை வேண்டுமென்றே மந்தமாக்கிச் சோதிக்கும் வசதி ப்ரௌசருக்குள்ளேயே உண்டு. வகுப்பில் உருகி உருகிச் சொல்வேன். அன்றுதான் முதன்முதலாக அமுக்கினேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. படங்களைக் கைப்பேசி அகலத்துக்குச் சுருக்கி, இலவசக் கருவி ஒன்றில் போட்டு எடையைக் குறைத்தேன். கீழே உள்ள படங்கள், ஆள் அங்கே வரும்போது மட்டும் இறங்கினால் போதும் என்று மாற்றினேன். இரண்டு எழுத்துருக்களுக்கு விடை கொடுத்தேன். ஊசி வீடியோவை மட்டும் கடைசிவரை தடவிக்கொண்டிருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நீக்கினேன்.

பிறகு மேலாளர் போகிற பாதையிலேயே சோதித்துவிடுவது என்று செம்பூரில் வாஷி வண்டி ஏறினேன். மான்குர்த் தாண்டிப் பாலத்தில் சிக்னல் செத்துக்கொண்டிருந்தது. ஒரு கை பிடியில், ஒரு கை போனில். பைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் 'அழைக்க' பொத்தான் மேல் மூலையில் இருந்தது. கட்டைவிரல் எட்டவில்லை. போனைக் கிட்டத்தட்டக் கீழே போட்டேன். என் விலாவில் முழங்கையை வைத்திருந்தவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டன் நீச்சே லாவோ நா, அங்கிள்," என்றார்.

அங்கிளை விழுங்கிக்கொண்டு, வாஷி பிளாட்பார பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து பொத்தானைக் கீழே இறக்கினேன்.

மறுநாள் பாய் கூப்பிட்டார். மேலாளர் ரயிலிலிருந்தே அழைத்துப் பேசி ஆர்டரை உறுதி செய்துவிட்டாராம். தளத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"சொன்னாரு சார். பழைய ஆளைத் தூக்கிட்டு விவரமான ஆளாப் போட்டுட்டீங்க போலிருக்கேன்னாரு. நானும் ஆமான்னுட்டேன்."