ஒரே பக்கமாகப் படுத்த மாடு

கன்று போட்ட மறுநாள் காலை எங்கள் மாடு எழுந்திருக்கவில்லை. உத்திரமேரூரிலிருந்து வந்த மாட்டு டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். தலையைத் தூக்கியது, காதை ஆட்டியது, வைக்கோல்கூடத் தின்றது. எழத்தான் இல்லை.

"சிமெண்டு தரையில ஒரே பக்கமா படுத்திருக்கும்மா. மொத்த வெயிட்டும் அடியில இருக்கிற தொடை மேலதான். ரத்தம் ஓடலன்னா சதை செத்துப்போயிடும். மணல் கொட்டுங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி புரட்டிப் போடுங்க" என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். அசையவில்லை. எங்கள் காலனி ஆட்கள் எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். நானும் போக வேண்டியவள்தான். கழனிக்கு ஓடி, வரப்பில் நின்றிருந்த நிலக்காரரிடம் கேட்டேன்.

"ஐயா, நாலு ஆம்பளைங்கள அனுப்புங்க. மாட்டப் புரட்டிட்டு ஒடனே வந்துடுவாங்க."

"நாத்து வாடிக்கினு கீது, உனுக்கு மாடு பெருசா? நட்டு முடியட்டும். நீயும் எறங்கு."

இறங்கினேன். இறங்காவிட்டால் அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டார். மதியத்துக்குள் என் தொடை இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. நிமிர்ந்து காலை உதறினேன். அந்த மாட்டால் அதுகூட முடியாதே என்று நினைத்ததும் அழுகை வந்தது.

"அழுவாத, சாயங்காலம் எல்லாரும் வர்றோம்" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த எங்கள் காலனி அக்கா.

சொன்னபடியே சேற்றுக் காலோடு வந்தார்கள். மாட்டைப் புரட்டி, வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கினார்கள். முன்னங்கால்கள் ஊன்றின. அடியில் கிடந்த பின்னங்கால் மடங்கியது. தொடையைத் தொட்டேன், கட்டையாக இறுகிக் கிடந்தது. மறுநாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது.

மறுபடி வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "செத்த சதை கரைஞ்சு வருதும்மா. இனிமே எழாது. நேத்து காலையிலயே புரட்டியிருந்தா பொழைச்சிருக்கலாம்" என்றார். நேற்று நான் எங்கே இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் மாடு செத்தது. கன்றை அந்த அக்கா வீட்டு மாட்டிடம் பால் குடிக்க விட்டுப் பார்த்தோம். அது உதைத்துத் தள்ளியது. குழி தோண்டிக்கொண்டிருந்தபோது நிலக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"போனா போவுது, வேற ஒண்ணு வாங்கிக்கலாம். நாளைக்கு ஏரிக்கரை கழனி நடவு. வந்துடு."

"சரிங்கய்யா" என்றேன்.

போனேன். வரிசை கோணுகிறது என்று வரப்பிலிருந்து திட்டினார். பிடுங்கி, நேராக நட்டேன்.