உப்பில்லாப் பத்தியம்

எங்கள் கல்லடி வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் கபில நிறச் சாடி ஒன்று இருக்கிறது. கட்டி உப்புப் போட்டு வைக்கும் சாடி. மற்ற வீடுகளில் அது குசினிக்குள் கிடக்கும். எங்கள் வீட்டில் பூச்சாடிக்குரிய இடத்தில் இருக்கிறது. ஐந்து வயது மகள் அதற்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டால் யாரும் ஏசக்கூடாது என்பது என் கட்டளை. அந்தச் சாடியைப் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. பெரியம்மா உயிரோடுதான் இருக்கிறார், அடுத்த அறையில். நான் நினைப்பது நான்கு வருடங்களுக்கு முந்திய பெரியம்மாவை.

அம்மா இறந்தபின் என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர். மகள் பிறந்தபோது முதன்முதலில் அவள் நெற்றியில் கொஞ்சி, உதட்டை நக்கிப் பார்த்து, "என்னகா இது, புள்ள கருவாடு மாதிரிக் கரிக்குது?" என்று சிரித்தவரும் அவர்தான். எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. பால் குடித்தும் நிறை ஏறவில்லை, இருமல் ஓயவில்லை, மலத்தில் எண்ணெய் மிதந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் வியர்வையைச் சோதித்தபின்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பெயர் எங்களுக்குத் தெரிந்தது. நெஞ்சில் சளி பசைபோல இறுகும். சமிபாட்டு நீர் குடலுக்குப் போய்ச் சேராது. வியர்வையோடு உடம்பின் உப்பெல்லாம் வெளியேறிவிடும். சாப்பாடு பாதி மருந்து என்றார் டொக்டர். கொழுப்பும் உப்பும் தாராளமாக வேண்டும்; ஒவ்வொரு சாப்பாட்டோடும் சமிபாட்டுக் கப்சியூல், அதற்கு மேல் விற்றமின் துளிகள். நோய் மாறாது, ஆனால் பிள்ளை வளரும் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன்.

பெரியம்மாவுக்கு இது எதுவும் ஏறவில்லை. சளிப் பிள்ளைக்கு எருமைத் தயிரா? வயிற்றால் போகிற பிள்ளைக்கு நெய்யா? "உடம்பே உப்பா ஊத்துது. அதுக்கு மேல உப்புப் போடச் சொன்னவன் டொக்டரா, உப்பளக்காரனா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். அவருக்கு நோய் என்றால் பத்தியம். பத்தியம் என்றால் உப்பும் புளியும் எண்ணெயும் விலக்கு. நானோ எதையும் இரண்டு தரம் சந்தேகப்படுகிறவள். விடுமுறை முடிந்து, பிள்ளையைப் பெரியம்மாவிடம் விட்டு வேலைக்குத் திரும்பியபின், மருந்து கொடுத்தாரா, தயிர் இறங்கியதா என்று அலுவலகத்திலிருந்து கோல் எடுத்துக்கொண்டே இருப்பேன். "எல்லாம் குடுத்தாச்சுகா. நீ உன்ட வேலயப் பாரு" என்பார். நம்பினேன்.

கச்சான் காற்று வெக்கையை அள்ளி வீசிய ஒரு நாள் மகள் துவண்டு போனாள். கண் சொருகி, கழுத்து நிற்காமல், நனைந்த துணிபோல என் தோளில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் உப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. "பிள்ளைக்கு உப்புக் குடுக்கச் சொல்லித்தானே அனுப்பினாங்க, குடுக்கிறல்லயா அம்மா?" என்று என்னிடம் கேட்டார் டொக்டர். நான் வாய் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டார். "இவ ஒபிசுக்குப் போறவ டொக்டர். புள்ளயக் கவனிக்க எங்க நேரம்?" பக்கத்துக் கட்டில்களில் இருந்த தாய்மார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டியிருக்கிறது.

மகள் தேறி வீட்டுக்கு வந்த அன்று, கறிக்கு உப்புத் தேடினேன். சாடியைக் காணவில்லை. அலுமாரியின் உச்சியில், கடுதாசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெரியம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது. "நான்தான் ஏத்தி வச்சன். நீ ஆக்கி வச்சிட்டுப் போற மீனையும் கழுவிக் கழுவித்தான் புள்ளைக்குத் தீத்தினன். அந்தக் கப்சியூல் குளிசையையும் சாம்பலுக்குள்ள கொட்டிட்டன். இல்லாட்டி உன்ட புள்ள எப்பவோ போய்ச் சேந்திருக்கும்" என்றார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டு வளர்த்த கைதான் என் பிள்ளையின் உப்பைக் கழுவியது. இரண்டையும் நான் மறக்கவில்லை.

இந்த வருடம் பெரியம்மாவுக்குப் பிரஷர் வந்தது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனவள் நான்தான். அவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உப்பைக் குறைத்துச் சமையுங்கள் என்றார் டொக்டர். பயப்படத் தேவையில்லை, கறிக்கு ஒரு சிட்டிகை போடலாம் என்றும் சொன்னார். அந்தச் சிட்டிகையை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

இப்போது மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். மகள் கப்சியூலை விழுங்கிவிட்டு, பொரித்த மீனும் தேங்காயின் முதல் பாலில் வைத்த சொதியுமாகச் சோற்றைப் பிசைவாள். பெரியம்மாவின் சோற்றுக் கோப்பையில் அவித்த பூசணிக்காயும் வெறும் சோறும். சாடி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் எதிரில் இருப்பேன்.

"ஒரே ஒரு கல்லுத் தாகா. நாக்குச் செத்துப் போச்சு."

"பத்தியம், பெரியம்மா. நீங்க பழக்கினதுதானே."

பிரஷர் இறங்கியிருக்கிறது. இப்படி ஒரு பெறாமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொல்ல, பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். இது பராமரிப்பா பழியா என்று நானும் வழக்கம்போல இரண்டு தரம் யோசித்தேன். அதன்பின் குசினிக்குப் போய்ப் பூசணிக்காய் வெட்டினேன்.

சில நாட்களாக மகள் முற்றத்தில் ஓடி விளையாடிவிட்டு வந்ததும் பெரியம்மா அவளைப் பிடித்து மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். நெற்றி, கன்னம், கழுத்து. வயது போனால் பாசம் கூடும் என்று நினைத்தேன். நேற்றுக் கதவோரத்தில் நின்று பார்த்தேன். கொஞ்சி முடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மெதுவாக நக்கினார். மகள் பிறந்த அன்று நக்கியது போலவே. அன்று சிரித்தார், நேற்றுச் சிரிக்கவில்லை.

இன்று பின்னேரம் மகள் வியர்த்து ஒழுக உள்ளே வந்தாள். சாடியைத் திறந்து ஒரு கல்லை அவள் வாயில் போட்டேன். அடுத்த அறையிலிருந்து பெரியம்மா அவளைக் கூப்பிட்டார். துவாயை நனைத்துப் பிழிந்து, மகளின் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஒரு பொட்டும் மிச்சமில்லை என்று என் உதட்டை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

"இப்பப் போ மகள்" என்றேன்.