குள்ளன் ஆடாத ஆட்டங்கள்

எனக்கும் என் மச்சானுக்கும் பேச்சு என்றால் ஹாக்கிதான். அவர் என் மனைவியின் அண்ணன். கோட்டைக்குப்பத்தில் ஏரியில் மீன் பிடிக்க எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு படகு. மச்சான் பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளுவார், நான் முன்னால் நின்று வலை வீசுவேன். மடவை மீன் நிறையக் கிடைத்த நாளில் கரையில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். "இன்னா கை ராசிப்பா ஒனக்கு" என்பார்கள். நான் வலையை உதறுவதுபோலத் திரும்பிக்கொள்வேன். மச்சான் படகைக் கட்டிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவர் ஹாக்கி ஆடியவர். நான் கோட்டுக்கு வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுத்தவன். இப்போது அவருடைய செல்போனில் சேர்ந்து ஆட்டம் பார்க்கிறோம். எங்களுக்குப் பிடித்த அணியில் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். ஒருவன் நெட்டை, முன்வரிசையில் நின்று கோலாகப் போட்டுத் தள்ளுவான். இன்னொருவன் குள்ளன், நடுவில் ஓடிக்கொண்டே இருப்பான், கோல் கணக்கில் அவன் பெயர் எப்போதாவதுதான் வரும். மச்சானுக்கு நெட்டையனைப் பிடிக்கும். எனக்குக் குள்ளனை.

"போர்டுல யார் பேரு வருது மாப்ள? அத்தப் பாரு."

"குள்ளன் பந்து குடுக்கலன்னா நெட்டையன் இன்னாத்தப் போடுவான்?"

"பந்து எவன் வேணா குடுப்பான். போடறவன்தான் ஆளு. நீ எப்பவும் பாவம் பாத்துக் கட்சி சேர்ற."

போன வருடம் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மச்சானுக்கு வேலை கிடைத்தது. கழி தள்ளித் தள்ளி அவருக்குத் தோள்பட்டையில் தீராத வலி. அவர் மனைவி விடாமல் சொல்லிச் சேர வைத்தார். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் என்னிடம் சொன்னார்.

"கழி புடிக்க ஊர்ல ஆளா இல்ல? வீசறது நீதானே. யாரோட போனாலும் புடிப்ப."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "சரி மச்சான்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சிக்கெடுக்கத் தொடங்கினார். அவர் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று நினைத்துக்கொண்டு போகிறாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவருக்குப் பதில் என் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டேன். நல்ல பலசாலி, படகு அம்பாகப் போனது. மடவைக் கூட்டம் தண்ணீரைச் சுழித்துக்கொண்டு எதிரே வந்தது. நான் வலையைத் தோளில் மடித்துப் பிடித்தபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். மீன் கடந்து போய்விட்டது.

"இன்னாண்ணே, எதுனா வேண்டுதலா?" என்றார் அவர்.

மச்சான் என்றால் சரியான நேரத்தில் பலகையைக் காலால் ஒரு அழுத்து அழுத்துவார். படகு லேசாகக் குலுங்கும். அதற்கப்புறம்தான் என் கை ஓடும். இவ்வளவு காலமும் எல்லாம் என் கைதான் என்று ஊர் நினைத்தது. நானும் பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க, குள்ளன் காயம்பட்டு வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களைச் செல்போனில் தேடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வீட்டுக்குப் போனேன். கம்பெனிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"குள்ளன் ஆடாத மேட்ச் எல்லாம் பாத்தேன் மச்சான்."

"சரி."

"நெட்டையன் பெனால்டி கார்னர்ல போட்டதோட சரி. ஓடி வந்து அடிச்ச கோல் ஒண்ணுகூட இல்ல."

"ஃபார்ம் போயிருக்கும்."

"குள்ளன் திரும்பி வந்த மேட்ச்லயே ஃபார்மும் வந்துடுச்சா? அவன் உள்ள இருந்தா ஓரத்துல ஆடறவன்கூட கோல் போடறான் மச்சான்."

அவர் டீயை ஊதினார். நான் தரையைப் பார்த்தபடி, "எப்போ வீசணும்னே எனக்குத் தெரியல" என்றேன்.



"பலகைய அழுத்தச் சொல்லி இப்ப கழி புடிக்கறவன்கிட்ட சொல்றதுதானே?"

"எப்போ அழுத்தணும்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்."

மச்சான் சிரித்தார். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டார். வேலையை விடுவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னாமே, நான் ஏரிக்குப் போய்ட்டு வரேன். நான் இல்லாம மாப்ளைக்கு வீச வரலயாம்."

 அவர் அதையே இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.