ஓடுபாதையில் நான்கு தேசிக்காய்கள்

சித்தப்பாவின் பிக்கப் நீல நிறம் என்று அப்பா இன்றும் சாதிக்கிறார். அது பச்சை, மழையில் நனைந்தால் மட்டும் நீலம்போலத் தெரியும். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய பீல் நகரில், சித்தப்பா வேலை செய்த, வண்டி திருத்தும் கராஜின் பின்பக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் அது நின்றது. முதலாளி அந்த மூலையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏதோவொன்று குறைந்திருக்கும்.

முதலில் பக்கக் கண்ணாடிகள் போயின. பிறகு பம்பர், பக்கத்து இருக்கை, வானொலி. விபத்தில் நசுங்கிய வேறொரு காரின் பெரிய இயந்திரம் உள்ளே போனது. சாமான் ஏற்றும் பின்தட்டை, காற்று அதற்குள் விழுந்து வண்டியைப் பிடித்து இழுக்காதபடி, கூரையிலிருந்து சரியும் அலுமினியத் தகட்டால் மூடினார். சில்லுகளுக்குத் தட்டையான மூடிகள். கவிழ்ந்தால் உயிர் தப்ப, உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூடு. கடைசியில், பின்பக்கம் இலேசாகிவிட்டதென்று மணல் மூட்டைகளைக் கட்டினார். இவ்வளவையும் கழற்றிவிட்டு மணலை ஏற்றுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

வண்டியின் இலக்கத் தகட்டைச் சித்தப்பா அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சித்தி கேட்டார்.

"இனி இது றோட்டில ஓடாதோ?"

"ஓடாது."

"அப்ப எங்க ஓடும்?"

"பழைய பிளேன் ஓடுபாதையில. நேரா. மணிக்கு இருநூறு போகும்."

"போய்?"

ஒரேயொரு முறை ஓட்டுவது, பிறகு விற்றுவிடுவது என்று அன்றைக்கு முடிவானது. சித்தி சொன்னால் சொன்னதுதான்.

அது ஒரு மே மாதக் காலை, வேகப் போட்டி நாள். வயல்களுக்கு நடுவே, ராணுவம் கைவிட்ட ஓடுபாதை. அதன் மறுமுனை பனிமூட்டத்துக்குள் கரைந்திருந்தது. வரிசையில் நின்ற மற்ற வண்டிகள் பளபளத்தன. எங்களுடையதன் முகப்பில் திருநீற்றுப் பட்டை, நடுவே குங்குமம். புது வண்டி முதன்முதல் தேசிக்காயை நசுக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்பதால், சித்தி யாரிடமும் கேட்காமல் நான்கு சில்லுகளின் கீழும் ஒவ்வொன்று வைத்துவிட்டார்.

சித்தப்பா தலைக்கவசத்தோடு, பட்டிகளால் இருக்கையில் இறுகக் கட்டுண்டிருந்தார். முறை வந்ததும் வண்டி கொஞ்சம் நகர்ந்தது. உடனே, வண்டிகளைப் பார்த்து அனுப்பும் பரிசோதகர் கையை உயர்த்தினார். வண்டியின் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஈரத்தைக் கண்டுவிட்டார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் அந்த நிறம்தான். கசியும் வண்டி ஓடுபாதையில் இறங்கக்கூடாது. வரிசையை விட்டு வெளியே போகும்படி கையைக் காட்டினார். வெளியே போனால் எல்லாம் முடிந்தது. சித்தப்பாவுக்கு இன்னொரு நாள் கிடையாது. கவசத்துக்குள்ளிருந்து அவருடைய குரல் முனகலாக மட்டும் வந்தது.

"ஓடிப்போய்ச் சொல்லு பிள்ளை!" என்று சித்தி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழி முழுவதும் என்னிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

பரிசோதகர் முழங்காலில் நின்று, ஈரத்தைத் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தார். இது பழமா என்று கேட்டார். பழம்தான், மற்றவர்கள் பொறாமையோடு பார்த்து வண்டி உடைந்துபோகாமல் இருப்பதற்கு என்று விளக்கினேன். அவர் எழுந்து, ஒட்டுநாடா ஒட்டிய கதவுகளையும் ஆணி அடித்த தகட்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதைப் பார்த்தா பொறாமைப்படுவார்கள்?" என்றார்.

"என்னவாம்?" என்று சித்தி பின்னாலிருந்து கேட்டார்.

"வடிவான வண்டியாம்," என்றேன்.

சில்லுகளைத் துடைக்கச் சொல்லிவிட்டு, அவர் வழிவிட்டார்.

வண்டி போனது. முதலில் நெஞ்சை அதிரவைக்கும் சத்தம். பிறகு ஒரு பச்சைப் பொட்டு. பிறகு பனி அதை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டது. சத்தம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாததுபோல வயல்களின் மேல் மிதந்து, அதுவும் கரைந்தது. தூரத்தில் மாடுகளின் மணிகள் மறுபடி கேட்கத் தொடங்கின. ஒலிபெருக்கி வேகத்தைச் சொன்னது: நூற்றுத் தொண்ணூற்றாறு. எனக்கு அழுகை வந்தது.

முதலாளி எங்களைத் தன் காரில் மறுமுனைக்குக் கூட்டிப்போனார். சித்தப்பா இறங்காமல் உள்ளேயே இருந்தார். வேகத்தைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஒருத்தரும் மறிக்கேல்ல, பிள்ளை," என்றார். "அந்தத் தொங்கலில இருந்து இந்தத் தொங்கல் வரைக்கும், ஒருத்தரும் மறிக்கேல்ல."

"அங்க ஒருத்தர் மறிச்சவர்தானே, சித்தப்பா?"

"ஓம். ஆனா விட்டவர்."

சித்தி ஜன்னலுக்குள் கையை நுழைத்து அவருடைய தலைக்கவசத்தின் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மறைத்ததால் அது இலேசில் அவிழவில்லை. போர்க்காலத்தில் ஊரிலும், தப்பி வந்த வழியிலும் எந்தெந்தச் சோதனைச் சாவடிகளில் அவர்கள் எப்படி நிறுத்தப்பட்டார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. இருநூறில் நான்கு குறைந்துபோனதற்காகத்தான் சித்தி அழுகிறார் என்று நினைத்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறும் நல்ல வேகம்தான் என்று அவருடைய கையைப் பிடித்துச் சொன்னேன்.