எருமை நக்கிய கல்

குடிபாலா பக்கம் எனக்கென்று ஒரு வீடு கட்டத் தொடங்கியபோது, மண்சுவர்தான் வைப்பேன் என்றேன். நைனாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காணி நிலமில்லாத காலத்தில் மண்குடிசையில் வளர்ந்தவர் அவர். மழைக்கு மழை சுவர் கரைந்து, அடுத்தவர் மாட்டுக் கொட்டகையில் ஒண்டியவர்.

"சிமெண்ட் வூட்ல ஒன்ன வளத்தது இதுக்கா? அந்த மண்ணு வூட்ல நான் காலு வெக்கமாட்டேன்."

"ஒனக்கு வேற வழியில்ல நைனா, மண்ணுல இருந்த. நான் வேணும்னே இருக்கப்போறேன்," என்றேன். அவர் கால் வைக்காத வீட்டில் எனக்கு என்ன வாழ்க்கை? அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஊர்கள். கரும்பு ஆட்டுகிற இடத்தில் சக்கை குவிந்து கிடக்கும். நார் சேர்ந்தால் மண் வெடிக்காது என்று எனக்குத் தெரியும். பிழிந்த சக்கையை அப்படியே வாரிவந்து நறுக்கி, செம்மண்ணோடு மிதித்து, சுடாத பச்சைச் செங்கல் அறுத்துக் காயவைத்தேன். மறுநாள் காலையில் கல் முழுக்க எறும்பு. மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டு எருமை மூன்று கல்லை நக்கியே கரைத்துவிட்டது. சக்கையில் இனிப்பு மிச்சமிருக்கும் என்று, வெல்லத்தோடு பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"இன்னாம்மா, எருமைக்கு விருந்தா? வாசக்கால் வெக்கறதுக்குள்ள வூட்டையே துன்னுடும் போல," என்றார் மேஸ்திரி. "பேசாம சிமெண்ட் கல்லு போட்டுக்கோ."

"போடமாட்டேன். நீங்க வேணா வேற வேலைக்குப் போய்க்கினே இருங்க."

அவர் போகவில்லை. நான் சக்கையைத் தொட்டியில் ஊறப்போட்டேன். பிசுபிசுப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசியதில் விரல்கள் வெளுத்துவிட்டன. காயவைத்து மறுபடி கல் அறுத்தேன். எருமை வந்தது, முகர்ந்தது, திரும்பிப் போனது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

சுவர் எழும்பி ஓடு வேய்ந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் பகலில் நைனா குடையோடு வந்தார். வந்ததும் குனிந்து, கருங்கல் அடித்தளத்துக்கு மேலே சுவரின் முதல் வரிசையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். அவர் வளர்ந்த குடிசை கரையத் தொடங்கும் இடம் அதுதான். சுரண்டிய இடத்தில் நார் தெரிந்தது. மண் பெயரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு ரூமு போடறதா இருந்தா சொல்லு," என்றார். "சக்கைய நான் அலசறேன்."